பல்லுக்கடியில் சிக்கிய வெட்டுக்கிளிக் கால்

ராசா,

உன் மாமனாரும் மாமியாரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த அன்று, நான் வாயைப் பொத்திக்கொண்டு மேசையை விட்டு எழும்பி ஓடினேனே, அது சத்தி எடுக்க இல்லை. இதை முதலிலேயே எழுதிப்போட வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. என் மேல்வரிசைக் கட்டுப்பல்லுக்கும் முரசுக்கும் நடுவில் ஒரு கால் போய் மாட்டிக்கொண்டது. வெட்டுக்கிளியின் கால். பாய்கிற பெரிய பின்னங்கால்களைக் கழற்றிவிட்டுத்தான் சமைப்பார்கள், முன்னால் இருக்கிற சின்னக் கால்கள் அப்படியே இருக்கும். பார்க்க நூல் மாதிரி, குத்தினால் அரம் மாதிரி. குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிப் பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பல்லுக் குத்தும் குச்சியால் அந்தக் காலைக் கிளறியபடி நின்றேன். கண்ணாடியில் பார்த்தால், சம்பந்திக்காக வாங்கின புதுக் கோட்டு, நீ கட்டிவிட்ட டை, பல்லில்லாத பொக்கை வாய். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். பாதி சிரிப்புத்தான். மற்றப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் திரும்பி வந்தபோது மேசையில் அந்தப் போத்தல் இல்லை. ஊதா நிறத் துணியில் முடிச்சுப் போட்டு, சம்பந்தி ஜப்பானில் இருந்து பீலெஃபெல்ட் வரைக்கும் மடியில் வைத்துக் கொண்டுவந்த வெட்டுக்கிளிப் போத்தல். நீதான் அதை மூடித் திருப்பிக் கொடுத்திருக்கிறாய். "அப்பா அம்மாவுக்கு இதெல்லாம் பழக்கமில்லை, கோபிக்கவேண்டாம் என்று சொல்லு" என்று நீ கட்டப்போகிற மிசாக்கியிடம் ஜெர்மன் மொழியில் சொல்லி, அந்தப் பிள்ளை அதைத் தன் தகப்பனுக்கு மொழிபெயர்த்திருக்கிறது. அந்த மனிசன் எழும்பி நின்று, தலையைக் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமியார் தன் மடியைப் பார்த்தபடி இருந்தா. அதே நேரம் பார்த்து, குசினிக்குள் இருந்து அம்மா ஒரு கோப்பை சுடுசோறும் மிளகாய்த்தூள் போத்தலுமாக வெளியே வந்தா. அம்மாவும் அருவருத்துக் குசினிக்குள் ஒளித்துவிட்டா என்று நீ நினைத்தாய். அவ சோறு எடுக்கப் போனவ, ராசா. அந்தப் போத்தலில் இருந்ததோடு பிசைந்து சாப்பிடச் சோறு எடுக்கப் போனவ. வந்து பார்த்தால் போத்தலைக் காணோம். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பந்தியில் இடம் கிடைக்காத ஆள் மாதிரி நின்றா.

நீ படித்தவன். நான் ஓ.எல். சோதனையில் கணக்கை மூன்று முறை எடுத்து, மூன்று முறையும் கணக்கு என்னை எடுத்துவிட்டது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கேள். இன்னொருவருக்காக நீ மன்னிப்புக் கேட்க முதல், அந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுக் கேள். நீ கேட்ட மன்னிப்பால், சம்பந்தி வீட்டுக்காரர் தன் கையால் பிடித்துச் சமைத்ததைக் கண்டு ஓங்காளித்தார்கள் என்ற நினைப்போடு அந்த மனிசன் ஊருக்குப் போயிருக்கிறார். போன கிழமை மிசாக்கி அம்மாவோடு டெலிபோனில் கதைத்தபோதும், "அப்பா இன்னும் வருத்தப்படுகிறார்" என்றுதான் சொன்னதாம். நீ வேலைக்கும் கலியாணத்துக்குமாக அந்த நாட்டுக்கே போகப்போகிறாய். இந்த முள்ளை எடுக்காமல் உன்னை விமானம் ஏற்ற எனக்கு விருப்பமில்லை. நீ பிறக்க முந்தி நடந்த ஒரு கதை இருக்கிறது. அதை ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் பண்ணியிருந்தேன். நேற்று அவவே சொன்னா: "எழுதுங்கோ. ஆனா அவன் வாசிக்கேக்க நான் பக்கத்தில இருக்கமாட்டன்."

எண்பத்தாறாம் ஆண்டு மாரிகாலம். நாங்கள் அப்போது டுசல்டோர்ஃபின் ஓரத்தில், அகதிகளை வைத்திருந்த ஒரு கட்டடத்தில் இருந்தோம். ஹைம் என்று சொல்வோம். ஒரு அறை, ஒரு கட்டில், நீளமான நடைபாதையின் முடிவில் எல்லாருக்கும் பொதுவான ஒரு குசினி. நான் முதலே வந்துவிட்டேன், அம்மா பிறகு வந்தா, வந்து கொஞ்ச மாதத்தில் நீ வயிற்றில் தங்கிவிட்டாய். எனக்கு அப்போதுதான் வேலை செய்ய அனுமதி கிடைத்திருந்தது. நகரத்துக்குள் ஜப்பான்காரர் நிறையப் பேர் இருந்தார்கள், அவர்களின் உணவுக்கடை ஒன்றில் கோப்பை கழுவுகிற வேலை. உன் அப்பா ஜெர்மனியில் முதன்முதலாகப் பார்த்த உத்தியோகம் அதுதான். அதற்கும் ஒரு விண்ணப்பம், கந்தோரில் நேரம் குறிக்கிற ஒரு டெர்மின், ஒரு முத்திரை.

அம்மாவுக்கு வாயில் ஒன்றும் தங்கவில்லை. ஹைமில் எங்களுக்குப் பெட்டியில் சாப்பாடு தருவார்கள். பாண், பாற்கட்டி, தகரத்தில் அடைத்த ஏதோ ஒன்று. அந்தப் பெட்டியைக் கண்டாலே சத்தி எடுப்பா. நடைபாதையில் யாராவது எண்ணெய் காய வைத்தாலும் சத்தி. நான் சோறு ஆக்கிக் கொடுத்தால், "இந்தச் சோத்துக்கு ஒரு கூனிச் சம்பல் இருந்தாக் காணும்" என்பா. கூனி என்பது காய்ந்த குட்டி இறால், உனக்குத் தெரியும். ஊரில் கிடக்கிற கூனிக்கு நான் எங்கே போவது? டொக்டர் நிறை பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "இப்படியே போனால் பிள்ளை தங்காது" என்று சொன்னார். அந்த வசனம் முழுக்க விளங்குகிற அளவுக்கு எனக்கு ஜெர்மன் தெரியாமல் இருந்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன்.

அந்தக் கடையின் பெரிய சமையல்காரருக்குப் பெயர் கென்ஜி. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், நான் "கென்ஜி அண்ணை" என்றுதான் கூப்பிடுவேன். தன் பெயரே ஜெர்மனியில் அப்படி நீண்டுவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். அவருக்கும் ஜெர்மன் அரைகுறை, எனக்கும் அரைகுறை. இரண்டு அரைகுறையும் சேர்ந்தும் ஒரு முழுசு வராது. ஒருநாள் நான் கழுவின கோப்பைகளையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்ததைக் கண்டுவிட்டு, "என்ன பிரச்சினை?" என்று கேட்டார். "மனைவி. குழந்தை. சாப்பிடுவதில்லை" என்றேன். கையால் வயிற்றையும் வாயையும் காட்டினேன். அவர் அடுப்படிக்குப் போய்விட்டார். பின்னேரம் நான் கோட்டுப் போடும்போது ஒரு சின்னப் பெட்டியைக் கையில் வைத்தார். திறந்து பார்த்தேன். கருஞ்சிவப்பாக, மினுமினுவென்று, ஒன்றோடொன்று ஒட்டி வளைந்து கிடந்தன. ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். மொறுமொறு. உப்பும் இனிப்பும். எனக்கு அழுகை வந்துவிட்டது. கூனி! ஜப்பான்காரன் கூனியைச் சீனியில் பிரட்டி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். "இனாகோ, இனாகோ" என்று அவர் பெயர் சொன்னார். நான் "ஓம், ஓம், எங்கட ஊரிலயும் இருக்கு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு ஓடினேன்.

ஹைமில் உரல் ஏது? எவர்சில்வர் சட்டியில் போட்டுப் பியர்ப் போத்தலின் அடியால் இடித்தேன். மிளகாய்த்தூள், வெங்காயம், தேங்காய்ப்பூப் பக்கற்றில் ஒரு பிடி, போத்தல் தேசிக்காய்ப் புளி. நடைபாதை முழுக்க மணம். அடுத்த அறைப் பொடியன் வந்து எட்டிப் பார்த்து, "அண்ணை, எங்க பிடிச்சனியள் கூனி?" என்று கேட்டான். "ஜப்பானில" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அம்மா சோற்றில் போட்டுப் பிசைந்தா. ஒரு வாய், இரண்டு வாய். நான் வாளியை எடுத்துப் பக்கத்தில் தயாராக வைத்திருந்தேன். வாளிக்கு வேலை வரவில்லை. கோப்பையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "நாளைக்கும் இருக்கோ?" என்று கேட்டா. அந்தக் கேள்வி மாதிரி ஒரு நல்ல செய்தியை, அகதி அந்தஸ்துக் கிடைத்த நாளில்கூட நான் கேட்கவில்லை.

பெட்டி முடிந்ததும் கென்ஜி அண்ணையிடம் போய் வெறும் பெட்டியைக் காட்டினேன். அவருக்குச் சந்தோசம். தன் அலுமாரிக்குள் இருந்து ஒரு பெரிய தகரத்தை எடுத்துவந்து, மூடியைத் திறந்து, கரண்டியால் அள்ளப் போனார். மேலே கிடந்த ஒன்றுக்குப் பின்னங்கால் கழறாமல் இருந்தது. முழங்கால் மடிந்த அந்தக் கால். அதன் கீழே நீட்டு முகம், இரண்டு பக்கமும் கண். ராசா, அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். "என்ன இது?" என்று கேட்டேன். அவருக்கு ஜெர்மன் சொல் தெரியவில்லை. இரண்டு விரலையும் தட்டு மேசையில் ஊன்றி, பாய்ந்து பாய்ந்து காட்டினார். டொக், டொக், டொக். பிறகு கையால் நெற்கதிரைக் காட்டி, விரலால் அதைக் கொறித்துக் காட்டினார். கையில் இருந்த கோப்பை அடுக்கைத் தொட்டிக்குள் விட்டுவிட்டேன். எத்தனை உடைந்தது என்று தெரியாது, முதலாளி போட்ட சத்தம் தெரியும்.

எனக்கு ஏன் அந்த முகம் தெரியும் என்று கேட்பாய். உன் அம்மாவின் தகப்பனுக்குக் கிளிநொச்சிப் பக்கம் வயல். எங்களுக்குக் கலியாணம் பேசி முடித்த வருசம், நெல்லுப் பச்சையாக நிற்கும்போது வெட்டுக்கிளி விழுந்தது. மாப்பிள்ளை மிடுக்கைக் காட்டுவோம் என்று நான் போய், மருந்து அடிக்கிற தகரத்தை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினேன். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்கவேண்டும் என்பது எனக்குத் தெரியாது. மருந்து முழுக்க என் மூஞ்சியில். கண்ணைத் திறக்க ஏலாமல் வரம்பில் குந்தியிருக்க, என் தொப்பியில் இரண்டு வெட்டுக்கிளி வந்து இருந்ததாக உன் மாமா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். வயல் போய்விட்டது. அந்த வருசம் நடக்க இருந்த கலியாணம் அடுத்த வருசத்துக்குப் போனது. அதுகளைத்தான் நான் போத்தலால் இடித்து, பிள்ளைத்தாச்சிப் பெண்ணுக்குச் சோற்றோடு பிசைந்து கொடுத்திருக்கிறேன்.

கென்ஜி அண்ணை என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். கதிரையில் இருத்தித் தண்ணீர் தந்தார். மெல்ல மெல்லச் சொன்னார். மலைநாடு, நாகனோ என்று பெயர், கடல் இல்லை, மீன் இல்லை. அவர் சின்னப் பிள்ளையாய் இருந்தபோது போர். விளைந்த நெல்லுக்கு வேறு ஆட்கள் சொந்தம், நெல்லைத் தின்ற வெட்டுக்கிளி மட்டும் பிள்ளைகளுக்குச் சொந்தம். அறுவடை முடிந்த வயலில் விடியவே போவார்களாம். பனியில் நனைந்து இருக்கும்போது அதுகளுக்குப் பாய ஏலாது. துணிப்பையில் போட்டு ஒரு இரவு பட்டினி வைத்தால் வயிறு சுத்தமாகிவிடும். அவித்துக் காலைக் கழற்றி, சோயாச் சாறும் சீனியும் விட்டு வற்ற வைப்பது. பள்ளிக்கூடத்தில் பாட்டுக்கு வாசிக்கிற ஓகன் பெட்டி வாங்கினதே பிள்ளைகள் பிடித்த வெட்டுக்கிளியை விற்றுத்தானாம். "இப்ப வயலில் மருந்து. இனாகோ இல்லை" என்றார். அவருடைய தாய், மருந்து படாத வயலைத் தேடி மலைக்கு மேலே ஏறிப் பிடித்து, வருசத்துக்கு ஒரு தகரம் மகனுக்கு அனுப்புகிறா.

எது என்னை அதிகம் அதிர வைத்தது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. தின்றது பூச்சி என்பதா? நான் முதுகில் தகரம் கட்டிக்கொண்டு கொல்லப் போனதை ஒரு தாய் இன்னொரு நாட்டில் மலை ஏறித் தேடுகிறா என்பதா? அந்தத் தாயின் ஒரு வருசத் தகரத்தில் இருந்து, ஊர் பேர் தெரியாத ஒரு கோப்பை கழுவுகிறவனின் மனைவிக்கு இந்த மனிசன் அள்ளித் தருகிறார் என்பதா? பெட்டியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டு வந்தேன். டிராமில் அதை மடியில் வைக்கப் பயந்து காலடியில் வைத்தேன், பாய்ந்துவிடும் என்பது போல.

வழி முழுக்க ஒரே யோசனை. சொன்னால் அம்மா சாப்பிடமாட்டா. சாப்பிடாவிட்டால் நீ இல்லை. சொல்லாவிட்டால் அம்மாவின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? அறைக்குள் போனால் அவ சோற்றை ஆக்கி, இரண்டு கோப்பையும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறா. சொல்லவேண்டாம் என்று முடிவெடுத்துத்தான் கதவைத் திறந்தேன். என் முகத்துக்கு அந்த முடிவு தெரியவில்லை போல.

"என்னப்பா, வேலை போட்டுதோ?"

"இல்லை. இஞ்சை பாரும், இது கூனி இல்லை."

"பின்ன?"

பெயரைச் சொல்லப் பயந்து நானும் கென்ஜி அண்ணை மாதிரி இரண்டு விரலைக் கட்டில் சட்டத்தில் ஊன்றி, டொக் டொக் என்று பாய்ந்து காட்டினேன். அம்மா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தா. வாளியை எட்டி எடுத்தேன். அவ கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டிலயும் போட்டனீங்களோ?"

நல்லகாலம், மரக்கறி நாளான வெள்ளிக்கிழமை எனக்குக் கடையில் இரவு வேலை, அன்றைக்கு அவ தனியாகத் தயிரும் சோறும். "இல்லை" என்றேன். பிறகு, "கால் எங்க?" என்று கேட்டா.

"கழட்டிப்போட்டுத்தான் அவிக்கிறவையாம்."

பெட்டியை வாங்கித் திறந்தா. ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. "என்ர அப்பான்ர வயலை முழுக்கத் திண்டதுகள். என்னை ஒரு வருசம் கலியாணம் கட்டவிடாமல் வைச்சிருந்ததுகள்" என்றா. அப்படியே வாயில் போட்டாவே, மிளகாயும் இல்லாமல், வெங்காயமும் இல்லாமல், கறுக்கென்று! "இண்டைக்கு நான் திண்டால் என்ன?" நான் அதிர்ந்துபோய் நிற்கிறேன், அவ மென்றுகொண்டே சொல்கிறா: "ஏன் நிக்கிறியள்? இடியுங்கோ. அடுத்த அறைப் பொடியனுக்குக் கூனி எண்டே சொல்லுங்கோ. என்ர பிள்ளைக்கும் ஒருநாளும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ." பண்ணினேன்.

கென்ஜி அண்ணையின் தகரம் தை மாதத்துக்குள் அடி தெரிந்துவிட்டது. கடைசிப் பெட்டியைத் தரும்போது தகரத்தைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினார், ஒளித்து வைக்கவில்லை என்பதற்கு. அதற்குள் அம்மாவுக்கு மற்றச் சாப்பாடும் தங்கத் தொடங்கிவிட்டது. நீ பிறந்தபோது ஆசுப்பத்திரிக்கு வந்தார். துணியை விலக்கி உன் காலைப் பார்த்தார். தொடையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல பின்னங்கால்" என்றார். உன் போர்வைக்கு மேல் இரண்டு விரலை ஊன்றி, டொக், டொக், டொக். அம்மா தையல் நோகச் சிரித்தா. தாதிப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த வருசமோ அதற்கு அடுத்த வருசமோ தாய்க்குச் சுகமில்லை என்று ஊருக்குப் போனார், திரும்பி வரவில்லை. விலாசம் கேட்டு வைக்கவேண்டும் என்ற புத்தி எனக்கு வரவில்லை. ஒரு மனிசன் நாளைக்கும் பக்கத்தில் நிற்பான் என்று நினைக்காதே, ராசா. விலாசம் வாங்கிக்கொள்.

இப்போது மேசைக்கு வா. உன் மாமனார் அந்தத் துணி முடிச்சை அவிழ்த்தார். எது என்று எங்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும், அவருக்கு மொழி இல்லை. மிசாக்கி வாய் திறக்க முதல், அவர் இரண்டு விரலை அம்மாவின் வெள்ளை மேசைவிரிப்பில் ஊன்றிப் பாய்ந்து காட்டினார். டொக், டொக், டொக். "நாகனோ" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா என்னைப் பார்த்தா. அவ சோறு எடுக்க ஓடினா. நான் கரண்டியைத் தேடாமல் கையாலேயே அள்ளி வாயில் போட்டேன், அவ்வளவு அவசரம், அந்த அவசரத்தில்தான் கால் மாட்டியது. நீ எங்கள் முதுகை மட்டும்தான் கண்டாய்.

நான் வெளியே வந்தபோது அவர் போத்தலைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் கீறல். அந்த அரம் மாதிரியான பின்னங்கால்களைக் கழற்றின கை. உனக்குச் சமைத்துத் தருகிறவர்களின் முகத்தைப் பார்க்க முதல் கையைப் பார். அங்கே போனதும், கலியாண அலுவல்கள் தொடங்க முதல், அந்தப் போத்தலைத் திருப்பிக் கேள். அவருக்கு முன்னால் இருந்து சாப்பிடு. இந்தக் கடிதத்தை மிசாக்கியைக் கொண்டு அவருக்கு வாசித்துக் காட்டு. அம்மாவுக்கு வெட்கம்தான், தாங்குவா.

நானே அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். கால் இன்னும் கழறாத என் பல் கடதாசியில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் கிடந்தது, வாயைத் திறந்தால் உன் மானம் இன்னும் கொஞ்சம் போகும் என்று பயந்தேன். அதனால் அவருடைய கீறல் விழுந்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயை மூடியபடி நின்றேன். பிடித்த பிடியில் அவருக்கு விளங்கியிருக்கும் என்று நினைத்தேன், விளங்கவில்லை. அப்போது நான் வாய்விட்டுச் சொல்லாமல் விட்டது இதுதான்: சம்பந்தி, இவன் உங்களுக்குப் புது ஆள் இல்லை. பிறக்கிறதுக்கு முந்தியே உங்கட ஊர் வயலில பாய்ஞ்சதைத் திண்டு உயிர் பிடிச்சவன்.